தலைகீழாகப் பிடித்தாலும் படித்த பையன்

நான்காம் வகுப்பில் அவனுடைய நோட்டுதான் எல்லார் நோட்டையும்விட அழகாக இருக்கும். கரும்பலகையில் நான் எழுதியது புள்ளி பிசகாமல், வரி தப்பாமல் அப்படியே அதில் இறங்கியிருக்கும். 'நன்று' என்று எழுதிவிட்டு அடுத்த நோட்டை எடுப்பேன். பத்தொன்பது வருடமாகத் தொடக்கப்பள்ளியில் பாடம் எடுக்கிறேன். ஆனாலும் அவனுக்கு எழுத்தே தெரியாது என்பதை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை.

எங்கள் பள்ளி திருப்பூருக்கும் அவிநாசிக்கும் நடுவில் இருக்கும் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். தலைமையாசிரியை ஒன்றையும் இரண்டையும் பார்த்துக்கொள்வார். மூன்று, நான்கு, ஐந்து மூன்றும் ஒரே அறையில் என்னிடம். ஊரில் மாலை நேரத்தில் இல்லம் தேடிக் கல்வி மையம் நடத்திய பெண், கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தவர், ஒருநாள் பள்ளி விடும் நேரத்துக்கு வந்து நின்றார். "டீச்சர், அவன் புத்தகத்தைத் தலைகீழாப் புடிச்சாலும் படிக்கிறானுங்க" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை.

மறுநாள் அவனைத் தனியாக உட்கார வைத்துப் பாடத்தைத் திறந்து கொடுத்தேன். வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டு கடகடவென்று படித்தான். நடுவில் ஒரு சொல்லைக் கட்டைவிரலால் மறைத்தேன். மறைத்த சொல்லையும் சேர்த்தே படித்துக்கொண்டு போனான். அதே பாடத்திலிருந்து நான்கு சொற்களை ஒரு துண்டுத்தாளில் எழுதி நீட்டினேன். தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டான்.

எப்படித் தவறவிட்டேன் என்று பலநாள் யோசித்திருக்கிறேன். 2019 ஜூனில் அவன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தான். எழுத்துகளை அறிமுகப்படுத்தி முடிக்கும் நேரத்தில், 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளியை மூடினார்கள். தொடக்க வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. நேராக மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தான். அப்போது வகுப்பில் பாதிப் பேருக்கு எழுத்து மறந்துபோயிருந்தது. எல்லாருக்கும் கற்றல் இடைவெளி என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் ஒருவனுக்கு மட்டும் வேறு ஏதோ இருக்கிறது என்று தோன்றவில்லை. 2022 ஜூன் தாண்டி மற்றவர்கள் ஒவ்வொருவராகப் படிக்க ஆரம்பித்தபோதும், அழகான நோட்டு அவனை மறைத்துவிட்டது. அவன் எழுத்துகளை எழுதவில்லை. கோலம் பார்த்துப் போடுவதுபோலப் பார்த்து வரைந்துகொண்டிருந்தான்.

அதனால் இப்போது ஆண்டின் தொடக்கத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மூன்று சின்னச் சோதனை வைக்கிறேன். படிக்கும்போது ஒரு சொல்லை மறைத்துப் பார்ப்பது. கடைசி வரியிலிருந்து மேலே படிக்கச் சொல்வது. பாடத்தில் வந்த சொல்லைத் துண்டுத்தாளில் தனியாகக் காட்டுவது. ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம்கூட ஆகாது. கேட்டே மனப்பாடம் செய்யும் கெட்டிக்காரப் பிள்ளைகள் இதில்தான் தெரிகிறார்கள். இப்படிப்பட்டவர்கள் மந்தமானவர்கள் இல்லை. முழுப் பாடத்தையும் இரண்டு தடவை கேட்டுவிட்டுத் திருப்பிச் சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடியும்?

அவன் வீட்டில் ஆடு வளர்க்கிறார்கள். அப்பாவோடு குன்னத்தூர் சந்தைக்குப் போய் வருவான். "உயிரெடை 22 கிலோ, கிலோ 350 ரூபாய், ஆடு என்ன விலைக்குப் போகும்?" என்று வாயால் கேட்டால் வானத்தைப் பார்த்துவிட்டு, "ஏழாயிரத்து எழுநூறுங்க டீச்சர். ஆனா அந்த வெலைக்குக் கேக்க மாட்டாங்க, கொறைப்பாங்க" என்பான். அதையே கணக்குப் புத்தகத்தில் வாக்கியக் கணக்காகக் கொடுத்தால் வெற்றுத்தாள். தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றலின் கீழ்நிலையிலிருந்து மேல்நிலை வரை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறோம் அல்லவா? அவன் தமிழில் அரும்பு, வாய்க்கணக்கில் மலர். ஒரு பிள்ளையை ஒரே பெட்டியில் போட்டு மூடிவிடக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான்.

எங்கே தடுக்கிறது என்று பார்க்க, ஒவ்வொரு சொல்லாக அவனோடு உட்கார்ந்தேன். 'படம்', 'மரம்', 'கல்' இதெல்லாம் ஒரு வாரத்தில் வந்துவிட்டது. 'காடி', 'மாடு' திக்கித் திணறி வந்தது. 'மேகம்' வந்ததும் நின்றுவிட்டான். அவன் கண் இடப்பக்கத்திலிருந்து போகிறது. முதலில் தெரிவது கொம்பு. கொம்புக்குத் தனியாக ஒலி கிடையாது. அவன் அதிலேயே நின்று ஒலியைத் தேடுகிறான். ஒலியில் 'ம்' முன்னால், 'ஏ' பின்னால். எழுத்திலோ ஏகாரத்தின் குறி முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. 'கோழி' இன்னும் மோசம். ககரத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. 'கே' என்று ஆரம்பித்து, துணைக்காலைப் பார்த்ததும் 'கா' என்று மாற்றி, 'கேகாழி' என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வான்.

நாம் சிறு வயதிலேயே இதைத் தாண்டிவிட்டதால் நமக்குத் தெரிவதில்லை. தமிழ் எழுத்து 247 என்று பயமுறுத்துகிறோம். உண்மையில் 247 வடிவத்தை யாரும் தனித்தனியாகக் கற்பதில்லை. மெய்யும் உயிர்க்குறியும் சேரும் முறையைப் பிடித்துக்கொண்டால் போதும். அந்த முறை கைக்கு வராத பிள்ளைக்கு, ஒவ்வோர் எழுத்தும் ஒரு புதுப் படம்.

இதற்கு வழி கிடைத்தது நான் எதிர்பார்க்காத இடத்தில். பள்ளி மடிக்கணினியில் தமிழ்99 விசைப்பலகையில் ஏதோ படிவம் தட்டிக்கொண்டிருந்தேன். அவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். 'மேல்நிலை' என்று தட்டினேன். திடீரென்று, "டீச்சர், இன்னொருக்கா போடுங்க" என்றான். தட்டினேன். 'ம' வந்தது. 'ஏ' தட்டியதும் கொம்பு குதித்து 'ம'வுக்கு முன்னால் போய் நின்றது. "அது பின்னாடி வந்து முன்னாடி போயிருச்சுங்க!" என்றான்.

அவ்வளவுதான். ஒலி வரும் வரிசையில் தட்டுகிறோம், குறி தன் இடத்துக்குத் தானாகப் போகிறது. புத்தகத்தில் ஏற்கனவே போய் நின்றுவிட்ட கொம்பைத்தான் அவன் பார்த்திருக்கிறான். அது எங்கிருந்து வந்தது என்பதை அன்றுதான் பார்த்தான். அன்றைக்கு மாலையே வெள்ளைத்தாளில் எழுத்துகளை எழுதி, சின்னதாக வெட்டி, செலோடேப் போட்டு விசைகள் மேல் ஒட்டினேன். இந்த விசைப்பலகையில் உயிரெழுத்தெல்லாம் இடக்கைப் பக்கம், மெய் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். அதனால் 'வலது, இடது' என்று தட்டினாலே ஓர் உயிர்மெய் வந்துவிடும். தினமும் மதிய உணவுக்கு அப்புறம் பத்து நிமிடம். பத்துச் சொல். அதற்கு மேல் விடமாட்டேன். சலித்துப்போனால் மறுநாள் வரமாட்டான்.

மடிக்கணினி இல்லாத நேரத்துக்கு அட்டை. மெய் அட்டை ஒன்று, கொம்பு அட்டை ஒன்று. 'ம'வை வைத்து ஒலி சொல்ல வேண்டும், கொம்பைக் கையில் எடுத்து 'ஏ' என்று சொல்லிக்கொண்டே 'ம'வின் தலைக்கு மேலாகத் தூக்கிக்கொண்டு போய் முன்னால் வைக்க வேண்டும். கை போகிற வழியைக் கண் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. மெய்யை நீலத்திலும் குறியை ஆரஞ்சிலும் எழுதினேன். முதலில் சிவப்பு, பச்சை என்றுதான் எழுதினேன். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் "ரெண்டும் ஒரே கலர்தானே டீச்சர்" என்றான். அவனுக்கு நிறம் பிரித்துப் பார்ப்பதில் சிரமம் இருப்பது அப்படித்தான் தெரிந்தது. சமூக அறிவியலில் வரைபடத்துக்கு வண்ணம் தீட்டும்போதெல்லாம் அவனை எத்தனை தடவை திட்டியிருக்கிறேன் என்று நினைத்து அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கப்புறம் கரும்பலகையில் முக்கியமானதைச் சிவப்புச் சாக்பீஸில் எழுதுவதை விட்டுவிட்டேன். வெள்ளையில் எழுதிக் கீழே கோடு போடுகிறேன். எல்லாருக்குமே அது நன்றாகத் தெரிகிறது.

வரி தாவும் பிள்ளைக்கு வாசிப்பு ஜன்னல் செய்து கொடுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை போதும். ஒரு வரி மட்டும் தெரிகிற அகலத்தில் நீளமாக ஒரு துளை வெட்டி, புத்தகத்தின் மேல் வைத்து நகர்த்தினால் மற்ற வரிகளின் தொந்தரவு இருக்காது. அவனுக்கு ஒன்று கொடுத்தேன். மறுநாள் ஆறு பேர் கேட்டார்கள். எல்லாருக்கும் வெட்டிக் கொடுத்தேன். இதில் நான் கவனித்த ஒன்று உண்டு. ஒருவனுக்கு மட்டும் கொடுத்தால் அது அவன் குறையின் அடையாளம் ஆகிவிடும். எல்லார் பையிலும் இருந்தால் அது ஒரு பென்சில் மாதிரி.

அப்புறம் கதை. அவன் வீட்டு ஆடு நடுராத்திரியில் மூன்று குட்டி போட்டதை ஒரு காலையில் மூச்சுவிடாமல் சொன்னான். போனை எடுத்து, விசைப்பலகையில் மைக்கை அழுத்தி, "இதுகிட்டச் சொல்லு கண்ணு" என்றேன். போன் அவன் பேச்சைப் பாதிதான் பிடித்தது. 'போட்டுருச்சுங்க' என்பதை ஏதேதோ சொல்லாக்கியது. கொங்குப் பேச்சும் சின்னப் பிள்ளைக் குரலும் சேர்ந்தால் அதற்குத் தடுமாற்றம்தான். பரவாயில்லை, ஒலிப்பதிவும் செய்திருந்தேன். வீட்டில் அதைக் கேட்டு, அவன் சொன்ன வார்த்தைகளையே நான்கு பக்கத்தில், பக்கத்துக்கு இரண்டு வரியாகப் பெரிய எழுத்தில் அச்செடுத்தேன். 'ஈன்றது' என்று திருத்தவில்லை, 'போட்டுருச்சு' என்றே விட்டேன். படம் அவன் வரைந்தான். தான் சொன்னதுதான் என்பதால் அடுத்து என்ன சொல் வரும் என்று அவனுக்குத் தெரியும். இந்த முறை அந்த ஊகம் எழுத்தோடு சேர்ந்து வந்தது. ஒரு வாரம் கழித்து அந்தச் சொற்களை வெட்டிக் கலைத்துப் போட்டேன். 'குட்டி', 'ராத்திரி', 'ஆடு' மூன்றையும் எடுத்துவிட்டான். எழுத்துத் தமிழ் வேறு, வீட்டுப் பேச்சு வேறு என்று இருக்கும்போது, படிக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு முதலில் வீட்டுப் பேச்சை எழுதிக் கொடுப்பதில் தவறே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். 'வந்துச்சு' என்று படிக்கத் தெரிந்தவனுக்கு 'வந்தது' என்பதை இரண்டு நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

கூகுளின் ரீட் அலாங் செயலியையும் அந்த வருடம் பயன்படுத்தினேன். பிள்ளை சத்தமாகப் படிக்கும், தியா என்ற கார்ட்டூன் பெண் கேட்டுக்கொண்டிருப்பாள், சரியாகப் படித்த சொல் நிறம் மாறும். கதைகளை முன்னாலேயே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் தேவையில்லை. அவனுக்கு அதில் கிடைத்த பெரிய உதவி, தப்பாகப் படித்தால் சிரிக்க யாரும் இல்லை என்பதுதான். ஆனால் வகுப்புக்குள் வைத்தால் முப்பது பேர் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. வேப்பமரத்தடித் திண்ணையில் ஒருவர் ஒருவராக உட்கார வைத்தேன். இன்னொன்று: நட்சத்திரம் கிடைக்கிறது என்பதால் தெரிந்த கதையையே திரும்பத் திரும்பப் படிப்பார்கள். என்ன கதை படித்தார்கள் என்று வாரம் ஒருமுறையாவது ஆசிரியர் பார்க்க வேண்டும். பிள்ளைகள் படிக்கும் குரலையோ வீடியோவையோ வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். திணறிப் படிக்கும் பிள்ளையின் குரலை ஊரே கேட்கத் தேவையில்லை.

இதெல்லாம் சேர்ந்து அவனை அரும்பிலிருந்து மொட்டுக்குக் கொண்டுவர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஐந்தாம் வகுப்பு முடியும்போது மெதுவாக, விரல் வைத்து, பெரிய எழுத்தில் இருந்தால் ஒரு பக்கம் படிப்பான். அவ்வளவுதான். நான் நினைத்த அளவுக்கு வரவில்லை. ஆனால் அறிவியலிலும் சமூக அறிவியலிலும் கேள்வியை நான் வாசித்து, பதிலை அவன் சொல்லி, நான் எழுதினேன். அவனுக்குப் பாடம் தெரியுமா என்பதைச் சோதிக்கிறோமா, எழுதத் தெரியுமா என்பதைச் சோதிக்கிறோமா என்று கேள்வித்தாளை எடுக்கும்போதெல்லாம் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

அவனுக்கு ஒரு வயது கீழே, மூன்றாம் வகுப்பில், காது மெஷின் போட்ட பெண் ஒருத்தி இருந்தாள். அவள் விஷயத்தில் நான் முதலில் செய்தது தப்பு. பேசுவதை எழுத்தாக்கிக் காட்டும் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி தமிழிலும் வேலை செய்கிறது என்று தெரிந்ததும், ஆசையோடு போனை அவள் மேசையில் வைத்துவிட்டுப் பாடம் நடத்தினேன். திரையில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு அப்போது இரண்டெழுத்துச் சொல் படிக்கவே நேரம் ஆகும். ஓடுகிற வரியை எப்படிப் படிப்பாள்? மேல்வகுப்புப் பிள்ளைக்கு அது அருமையான உதவி. அவளுக்கு அது மின்னிக்கொண்டிருந்த விளக்கு, அவ்வளவே.

அவளுக்கு உண்மையில் உதவியது, வட்டார வள மையத்திலிருந்து வந்த சிறப்புப் பயிற்றுநர் சொல்லிக்கொடுத்த சின்னச் சின்ன விஷயங்கள். வந்ததும் அவர் அவளைப் பார்க்கவில்லை, நான் நிற்கும் இடத்தைப் பார்த்தார். "உங்களுக்குப் பின்னாடி ஜன்னல் இருக்கு டீச்சர். வெளிச்சம் அவ கண்ணுல அடிக்குது, உங்க முகம் அவளுக்கு இருட்டு. உதட்டை எப்படிப் பாப்பா?" என்றார். மேசையைத் திருப்பிப் போட்டேன். கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசுவதை நிறுத்தினேன். பல வருடப் பழக்கம், சுலபத்தில் போகவில்லை. எழுதி முடித்து, திரும்பி, அப்புறம் பேச வேண்டும். வேறொரு பிள்ளை பதில் சொன்னால் அந்தப் பிள்ளையைக் கைகாட்டிவிட்டு, பதிலை நான் ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். பின்பெஞ்சில் இருப்பவர்களுக்கும் அப்போதுதான் அந்தப் பதில் கேட்டது என்பது பிற்பாடு தெரிந்தது.

மெஷினைப் பற்றியும் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் அம்மா பனியன் கம்பெனி ஷிப்டுக்குக் காலையிலேயே போய்விடுவார். பேட்டரி தீர்ந்திருந்தால் கவனிக்க ஆள் இல்லை, பிள்ளையும் சொல்லாது. மெஷினைக் கழற்றி, ஆன் செய்தபடியே உள்ளங்கைக்குள் குவித்து மூடினால் கீச்சென்று சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் பேட்டரியைப் பாருங்கள். புதுப் பேட்டரியின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். காற்றுப் பட்டால்தான் அது வேலை செய்யும். ஸ்டிக்கரைப் பிரித்ததும் போட்டு மூடிவிடாமல், ஒரு நிமிடம் வெளியில் வைத்திருந்து அப்புறம் போட வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் சேரும்; இரவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள்.

தினமும் காலையில் ஒரு நிமிடச் சோதனை ஒன்று செய்தோம். லிங் ஒலிச் சோதனை என்பார்கள். ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம் என்று ஆறு ஒலி. அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகச் சொல்வேன். கேட்டால் ஒரு புளியங்கொட்டையைக் கொட்டாங்குச்சியில் போட வேண்டும். ஆறும் விழுந்தால் அன்றைக்கு மெஷின் சரி. ஒருமுறை மூன்று நாள் தொடர்ந்து 'ஸ்' சொல்லும்போது கொட்டாங்குச்சியில் சத்தமே இல்லை. சிறப்புப் பயிற்றுநருக்குப் போன் செய்தேன். பார்த்தால், பிள்ளை வளர்ந்திருக்கிறாள், காதுக்குள் வைக்கும் அச்சு தளர்ந்துவிட்டது. புது அச்சு எடுத்தார்கள். அந்தப் புளியங்கொட்டை இல்லையென்றால் அவள் 'கவனமில்லாமல் இருக்கிறாள்' என்று நான் எழுதியிருப்பேன்.

பேசாத பிள்ளை இன்னொருத்தி. பீகாரிலிருந்து குடும்பத்தோடு வந்தவள், அப்பா பனியன் கம்பெனியில் டெய்லர். சேர்ந்து நான்கு மாதம் வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. கூப்பிட்டால் பார்ப்பாள், அவ்வளவுதான். மாற்றுத்திறன் பிள்ளைகளைக் கண்டறிய நலம் நாடி செயலியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கேள்விகளுக்குப் பதில் பதிவு செய்கிறோம். பேச்சில் சிரமம் உண்டா என்ற கேள்வியில் அவளுக்கு 'ஆம்' என்று போடப் போனேன். விரல் வைக்கும் முன், ஐந்தாம் வகுப்பில் இருந்த அவள் அண்ணனைக் கூப்பிட்டு, "வீட்டுல பேசுவாளா?" என்று கேட்டேன். "வாயே மூட மாட்டா டீச்சர்" என்றான். அவனுக்கு இரண்டு வருடத்தில் வந்த தமிழ் அது!

புது மொழிக்குள் வந்து விழுந்த பிள்ளை சில மாதம் வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பது இயல்பு. அந்த மௌனத்துக்குள் அவள் தமிழைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். அதைக் குறைபாடு என்று பதிவு செய்வது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். கணக்கில் அவளை ஏக், தோ, தீன் என்றே எண்ண விட்டேன். மற்றப் பிள்ளைகளும் இருபது வரை இந்தியில் எண்ணக் கற்றுக்கொண்டார்கள், அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். முதல் தமிழ் வாக்கியம் "நான் சொல்றேன் டீச்சர்" என்பதுதான், ஒரு பையன் எண்ணிக்கையைத் தப்பாகச் சொன்னபோது. அவள் அம்மாவோடு பேச மொழிபெயர்ப்புச் செயலி உதவியது. அவருக்கு எழுத்து தெரியாது என்பதால் குரலில் கேட்க வைத்தேன். சின்னச் சின்ன வாக்கியமாக, எழுத்துத் தமிழில் பேச வேண்டும். 'நாளைக்கு ஆதார் கொண்டாந்துருங்க' என்றால் அது குழம்பிவிடும். 'நாளை ஆதார் அட்டை கொண்டு வாருங்கள்' என்றால் சரியாகச் சொல்லிவிடும்.

மணிச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அழும் மூன்றாம் வகுப்புப் பையனும் இருந்தான். எங்கள் பள்ளி மணி ஒரு தண்டவாளத் துண்டு. அடிக்கும் வேலையை அவனிடமே கொடுத்தோம். சத்தம் எப்போது வரும் என்பது அவன் கையில் இருந்ததால் அழுகை நின்றது. அவனுக்காக அன்றைய வேலைகளைப் படமாக வரைந்து சுவரில் வரிசையாக மாட்டினேன்: பிரார்த்தனை, தமிழ், கணக்கு, சாப்பாடு, விளையாட்டு. ஏதாவது மாறினால் காலையிலேயே அந்தப் படத்தை இடம் மாற்றிக் காட்டிவிடுவேன்.

ஒரு அறையில் மூன்று வகுப்பு வைத்துக்கொண்டு இதற்கெல்லாம் நேரம் எப்படி என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். உண்மையில் நேரம் கிடையாது. பதிவேடும் செயலிகளும் நாளில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகின்றன என்பது என் மனக்குறை. நான் செய்வது இதுதான்: ஒரு பருவத்துக்கு ஒரு மாற்றம் மட்டும். நீலம், ஆரஞ்சு அட்டை ஒரு பருவம். திரும்பி நின்று பேசுவது ஒரு பருவம். ஒன்று பழக்கமான பின்தான் அடுத்தது. திரையில் வீடியோ ஓட்டினால் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பக்கத்தில் இருப்பவரிடம் என்ன பார்த்தாய் என்று சொல்லச் சொல்கிறேன். மணற்கேணி செயலியில் பாட வீடியோக்கள் நன்றாகவே இருக்கின்றன. நிறுத்தாமல் ஓட்டினால் வீட்டில் டிவி பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார்கள்.

பெற்றோரிடம் பேசுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். அழகான நோட்டுக்காரப் பையனின் அம்மாவை வரச் சொல்லி, மருத்துவரிடம் காட்டிச் சான்றிதழ் வாங்கலாம் என்றதும் முகம் வெளுத்துவிட்டது. "ஏனுங்க டீச்சர், எம்பட பையனுக்குப் புத்தி சரியில்லீங்களா?" என்று கேட்டார். எந்த விளக்கமும் சொல்லவில்லை. ஆட்டுக் கதையைக் கையில் கொடுத்தேன். அவருக்கும் படிக்கத் தெரியாது. பையன் பக்கத்தில் நின்று படித்துக் காட்டினான். அப்புறம்தான் சொன்னேன்: புத்தி நன்றாக இருக்கிறது, எழுத்தைப் பிடிக்கிற இடத்தில் மட்டும் சிரமம், சட்டமே அதை ஒப்புக்கொள்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016 சட்டத்தில் அது 21 ஆனது, கற்றல் குறைபாடும் அதில் சேர்ந்தது. சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைக் கேட்கலாம். அதைப் பத்தாம் வகுப்பில் போய்த் தேடக்கூடாது. தொடக்கப்பள்ளியிலேயே ஆரம்பித்து, தாள்களை எல்லாம் ஒரே கோப்பில் போட்டு வைக்கச் சொன்னேன். மஞ்சப் பையில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாராம்.

2024 ஜூனில் அவன் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போனான். மாற்றுச் சான்றிதழோடு ஒரு பக்கத் தாள் எழுதிக் கொடுத்தேன். நோயின் பெயர் எதுவும் அதில் இல்லை. 'கேள்வியை வாசித்துக் காட்டினால் பதில் சொல்வான். கரும்பலகையிலிருந்து அழகாக எழுதுவான், அதை வைத்துப் படிக்கத் தெரியும் என்று எண்ண வேண்டாம். எல்லார் முன்னாலும் திடீரென்று எழுப்பிப் படிக்கச் சொல்ல வேண்டாம். முந்தைய நாளே பத்தியைக் கொடுத்தால் தயாராகி வருவான். தமிழ்99-இல் தட்டத் தெரியும். ஆட்டைப் பற்றிக் கேளுங்கள்.' இப்படி ஏழெட்டு வரி. அந்தப் பள்ளி ஆசிரியர் அதைப் படிப்பாரோ மாட்டாரோ என்று இருந்தது.

ஆகஸ்டில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. அவனுடைய தமிழாசிரியர். "டீச்சர், பையன் ஏதோ ஜன்னல் அட்டை தொலைஞ்சு போச்சுன்னு சொல்றான். இங்க புத்தகத்துல எழுத்து சின்னது, எந்த அளவுக்கு வெட்டறது?" என்று கேட்டார். புத்தகத்தின் மேல் அட்டையை வைத்து, ஒரு வரியின் உயரத்தை அதிலேயே குறித்துக்கொண்டு, மேலேயும் கீழேயும் ஒரு நூல் கூடுதலாக விட்டு வெட்டச் சொன்னேன். கொம்பும் சுழியும் வெட்டுப்படாமல் இருக்க வேண்டும். பளபளப்பான பத்திரிகை அட்டை வேண்டாம், வெளிச்சம் பட்டால் கண் கூசும். "எத்தனை வெட்டட்டும்?" என்றார். வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டேன்.